வாயை மட்டும் அசைத்த வரிசை

போன மாதம் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு கடையில் என் பெட்டியைப் பார்த்தேன்.

என் பெட்டி என்று சொல்லக் கூடாது. நான் வாங்கியதல்ல. ஆனால் அதன் துருத்தியில் இருக்கிற கறுப்பு ஒட்டு நான் போட்டது. கிழிந்த குடையிலிருந்து துணி வெட்டி, மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். ஒரு ஓரம் கோணலாகப் போய்விட்டது. அந்தக் கோணலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பல் வலி. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் மழை பிடித்தது. கடை வாசலில் ஒதுங்கினேன். பழைய சாமான் விற்கிற கடை. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். உருளி, பழைய கதவு, குத்துவிளக்கு, யாரோ ஒருவருடைய கல்யாணப் போட்டோ. அடுத்தவன் கல்யாணப் போட்டோவை யார் வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதற்கெல்லாம் நடுவில், சிவப்புப் பட்டு விரித்து, சுருதிப் பெட்டி. ஒரு ஜோடிக்கு அதைக் காட்டி, அரண்மனையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

“அரண்மனை இல்ல சேட்டா,” என்றேன். “பின்னாடி தெரு ஹால்ல இருந்தது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மழ விட்டாச்சு சேச்சி,” என்றார்.

மழை விடவில்லை. நானும் போகவில்லை.

பாட்டுக் கிளாஸ் பக்கம் போகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுருதிப் பெட்டி பாடாது. பாடுகிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். துருத்தியை ஒரு கையால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே குமிழ்கள் இருக்கும். குமிழை இழுத்தால் உள்ளே இருக்கிற பித்தளை நாக்கு ஒன்று பேசும். எந்த மூன்று குமிழை இழுக்கிறோமோ அந்த உயரத்தில் பாட்டு நிற்கும். அந்த உயரத்தைக் கட்டை என்பார்கள். ஆம்பிளைக் குரலுக்கு ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஐந்து, ஐந்தரை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற அநியாயம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

குனிந்து மோந்து பார்த்தேன். பழைய தோல். கற்பூரம். கரப்பான் பூச்சி. அதற்கும் அடியில் சுக்கு.

சுக்கு என் கை வாசனை.

அப்போது நான் மட்டாஞ்சேரியில் சுக்கு குடோனில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புடைப்போம், தரம் பிரிப்போம். நல்லது ஒரு பக்கம். பூச்சி விழுந்தது ஒரு பக்கம். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒடித்துப் பார்த்துத்தான் போடுவோம். அவசரப்பட்டால் மேஸ்திரி திட்டுவார். ஒரு இஞ்சித் துண்டுக்கு அந்த மரியாதை இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

ஏப்ரல் வந்தால் சுக்கு வரத்து குறையும். ஆட்களை நிறுத்துவார்கள். அந்த இரண்டு மாதத்துக்குப் பின்தெரு ஹாலில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு சபையின் ஹால். பெரிய மனுஷர்கள் நடத்தினது. பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பார்கள். காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்று வரை. நான் கூட்ட வேண்டும், பாய் விரிக்க வேண்டும், பானையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். பெட்டி அசைக்க வேண்டும்.

பெட்டி அசைக்க என்னை எடுத்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் கோயில் மேளத்தில் ஒத்து ஊதினவர். நாகஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதுவாரே ஒருவர், அவர்தான் ஒத்துக்காரர். கல்யாண வீடியோவில் அவர் தோள்பட்டை மட்டும் தெரியும். வாழ்நாள் முழுக்க ஒரே ஸ்வரம். வீட்டிலும் ஒரே பேச்சுதான். “சரி.” எனக்கும் அதற்கு மேல் பேச்சு வராது. ஆனால் காது வந்துவிட்டது. ஸ்வரம் ஒரு நூல் இறங்கினாலும் எனக்குப் பல் கூசும். அதனால்தானோ என்னவோ இப்போது பல்லெல்லாம் போகிறது.

சொல்லித்தர வேண்டியவர் மாஷ். வாத்தியாரை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வருவார். நோட்டீஸில் ஒன்பதரை என்று இருக்கும். அவர் வரும்போது பதினொன்று. தினமும் போட்டை விட்டுவிட்டதாகச் சொல்வார். போட்டு என்னவோ அவரை விட்டுவிட்டுப் போவதற்கென்றே ஓடுகிற மாதிரி. வந்ததும் பாயில் உட்கார்ந்து என் பக்கம் திரும்பாமலே சொல்வார்:

“பெட்டி, ஒன்னர.”

பெட்டி என்றால் நான். ஒன்னர என்றால் ஒன்றரைக் கட்டை. அவருடைய குரல் நிற்கிற இடம்.

முதல் கோடையில் நான் பெட்டி மட்டும் அசைத்தேன். அசைத்துக்கொண்டே கேட்டேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. இரண்டாவது கோடையில் கிளாஸ் எடுக்க ஆரம்பித்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்தால் என்ன ஆகும்? பானையை உடைத்தார்கள். ஃபேன் ரெக்கையில் செருப்பு மாட்டினார்கள். அவர்களை உட்கார வைக்க எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நாற்பதில் பதினேழு பேர் முனிசிபாலிட்டி காலனிப் பிள்ளைகள். தமிழ்க் குடும்பங்கள். அம்மாவோ அப்பாவோ தெரு கூட்டுகிறவர்கள், ஓடை அள்ளுகிறவர்கள். அந்த வருடம்தான் முதல் தடவையாக அவர்களைச் சேர்த்தார்கள். ‘எல்லோருக்கும் சங்கீதம்’ என்று மலையாளத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். பேனர் கட்டின அன்றைக்கே காலனிப் பிள்ளைகளை அதன் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். என் புத்திக்கு அன்றைக்கு அது நல்ல காரியமாகத் தெரிந்தது. கைகூடத் தட்டினேன்.

மாஷ் வருவதற்கு முன் பெட்டியை ஐந்தரைக்கு வைப்பேன். பிள்ளைகள் பாடுவார்கள். ஒரு கஷ்டமும் இல்லாமல் பாடுவார்கள். ஓடி வந்து தண்ணீரில் குதிக்கிற மாதிரி ஸ-வில் குதிப்பார்கள். பதினொன்றுக்கு மாஷ் வருவார். மூன்று குமிழை உள்ளே தள்ளி மூன்றை வெளியே இழுப்பேன். ஒன்றரை. உடனே ஹாலே கெட்டுப்போகும். கீழே பாடினால் காற்றுதான் வரும். மேலே போனால் கீச்சென்று கத்த வேண்டும். மணி என்று ஒரு வாயாடி இருந்தான். ஏழு வயது.

“பெட்டி அக்கா, மாஷ் வந்தா நம்ம தொண்ட தரையில வுழுந்துருது. பொறுக்க வேண்டியிருக்கு.”

மாஷிடம் ஏற்கனவே வீட்டு ட்யூஷன் படித்த பெரிய பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் சமாளிப்பார்கள். அதில் லேகா என்று ஒரு பெண். பதினான்கு வயது. நல்ல குரல், எவ்வளவு உயரத்திலும் நிற்கும். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹாலுக்குப் பின்னால் வெங்காய மண்டி. காற்றடித்தால் வெங்காயச் சருகு பறந்து உள்ளே வரும். எவ்வளவு கூட்டினாலும் வரும். அதை வைத்து ஒரு வேலை கண்டுபிடித்தேன். ஒரு சருகை உள்ளங்கையில் வைத்துப் பிள்ளையின் வாய்க்கு முன்னால் பிடிப்பேன். ‘ஆ’ என்று ஸ-வைப் பிடிக்கச் சொல்வேன். சருகு பறந்தால் மூச்சு வீணாகிறது. அசையாமல் கிடந்தால் சத்தம் தொண்டையிலேயே நிற்கிறது. பறக்காமல், நிற்காமல், நடுங்க வேண்டும். குடோனில் தூசியை ஊதிப் பழகின புத்தி. வேறொன்றும் இல்லை. மாஷ் பார்த்தால் சிரித்திருப்பார்.

குமாரியின் சருகு நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் ஐம்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

குமாரிக்கு ஒன்பது வயது. காலனிப் பெண். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அவள் குரலைத் தனியாக எடுத்துக் காட்ட முடியாது. அவள் சேர்ந்ததும் மற்றவர்கள் சத்தமெல்லாம் நேராகிவிடும். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் கோணும். திரும்பி வந்தால் நிமிரும். அப்பா ஒத்து ஊதி நிறுத்துகிற போது மேளத்துக்கு அப்படித்தான் ஆகும். நான் அதைக் கேட்டு வளர்ந்தவள். எனக்குத் தெரிந்தது. அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

“வீட்ல பாடுவியா?”

“அய்யோ. எங்கப்பா நைட் டூட்டிக்கா. பகல்ல தூங்கும். சத்தம் கேட்டா சட்டி பறக்கும்.”

“சாயங்காலம்?”

“சாயங்காலம் குளிச்சுட்டு வேலைக்குப் போவும். அப்ப தம்பி தூங்குவான்.”

ஒரே அறை வீடு. எப்போதும் யாராவது தூங்குவார்கள். அந்தப் பெண் குசுகுசுவென்றுதான் பேசும். ஹாலில்தான் வாய் திறந்தது.

அவளுடைய அம்மா வேலம்மா. அவருக்கு வேலை இடக்கொச்சிப் பக்கம். விடியுமுன் போய் மதியம் தாண்டி வருவார். ஒரு நாள் தெருக்குழாயில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சரே.”

என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். நான் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

“கடைசி நாள் புரோகிராமுக்கு நானும் வரலாமா? உள்ள விடுவாங்களா?”

“வரலாம்க்கா. எல்லாரும் வருவாங்க.”

“ஆள் மாத்தி லீவு வாங்கிருக்கேன். இவ பாடி நான் கேட்டதே இல்ல பாத்துக்குங்க. நல்லாப் பாடுறான்னு நீங்கதான் சொல்றீங்க. நெசமா, இல்ல சும்மா சொல்றீங்களா?”

“நெசந்தான்.”

“ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்,” என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாஷ் பிள்ளைகளைப் பிரித்தார்.

எப்படிப் பிரித்தார் என்று கேளுங்கள். ஒன்றரைக் கட்டையில் பெட்டியை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று ஸ, ப, மேல் ஸ பாட வேண்டும். மூன்றே ஸ்வரம். கீழே காற்று வந்தால் “சுருதி இல்ல, பின்னால.” மேலே கத்தினால் “சுருதி இல்ல, பின்னால.” சாயா ஆறுவதற்குள் நாற்பது பேரும் முடிந்தது. குடோனில் ஒரு இஞ்சித் துண்டைக்கூட இதைவிட நேரம் எடுத்துப் பார்ப்போம்.

குமாரி எழுந்தாள். ஒன்றரையில் அவள் குரலுக்கு இடமே இல்லை. மேலே தாவிப் பார்த்தாள். கீச்சென்றது.

“பின்னால.”

துருத்தியை அசைத்துக்கொண்டிருந்தது என் கை. இதை நான் எழுதியாக வேண்டும்.

பின்வரிசை பதினெட்டுப் பேர். பதினேழு பேர் காலனி. ஒருவன் ஒரு டாக்டர் வீட்டுப் பையன். டாக்டர் மறுநாள் வந்து மாஷிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பின்வரிசை பதினேழு.

பிரித்த அன்றைக்கே கிளாஸ் முடிந்த பின் மாஷும் சபை செக்ரட்டரியும் வராந்தாவில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். அதற்கு முன் நானாக அவரிடம் பேசியதில்லை.

“மாஷே, அஞ்சரைல வச்சா அந்தப் பிள்ளைங்க பாடுவாங்க.”

“யாரு பறஞ்சு? யாரு சொன்னது?”

“காலைல நான் வச்சுப் பாத்திருக்கேன்.”

“ஓஹோ. கிளாஸும் எடுக்கறியா நீ?” சிரித்தார். “உன் அச்சன் என்ன வாசிச்சாரு?”

“ஒத்து.”

“எத்தன ஸ்வரம்?”

நான் சொல்லுமுன் அவரே சொன்னார்.

“ஒண்ணு. அந்த ஒண்ண வச்சுக்கிட்டு எனக்கு சுருதி படிப்பிக்க வந்திருக்கா. கேட்டோ சாரே?” செக்ரட்டரி மூக்கில் சாயா ஏறும்படி சிரித்தார். “அஞ்சரைல வச்சா நான் எப்படிப் பாடறது? மாஷ் பாடாமப் பிள்ளைங்க பாடுமோ?”

மாஷ் இல்லாமல்தான் தினமும் ஒன்றரை மணி நேரம் பாடுகிறார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டும். என் தொண்டையும் அன்றைக்குத் தரையில்தான் கிடந்தது.

பின்வரிசையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மாஷ். செக்ரட்டரி ஒப்பவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள், பேனர் இருக்கிறது, மேடை நிறைய வேண்டும். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“நிக்கட்டும். வாய மட்டும் அசைக்கட்டும். சத்தம் வரக் கூடாது. பெட்டி, நீ பழக்கி விடு.”

நான் பழக்கினேன்.

எதை வைத்துப் பழக்கினேன் தெரியுமா? அதே வெங்காயச் சருகை வைத்து. வாய்க்கு முன்னால் பிடித்தேன். வாய் அசைய வேண்டும், சருகு அசையக் கூடாது. அசைந்தால் தப்பு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த ஒரு நல்ல வேலையை எடுத்து அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். என் கோபத்தில் பெரிய பங்கு இந்தக் கையின் மேல்தான். மாஷ் மேல் அப்புறம்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

“சினிமால ஹீரோயினெல்லாம் இப்டித்தான பண்ணுவாங்க பெட்டி அக்கா?” என்றான் மணி. இடுப்பில் கை வைத்து வாயசைத்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, மேல் ஸ்வரம் வரும்போது கழுத்தைத் தூக்கி, கண்ணை மூடிக் காட்டினாள். நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன் போலிருக்கிறது. இரண்டு நாளில் பதினேழு பேரும் தேறிவிட்டார்கள்.

குமாரி சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, அம்மா வருது.”

“தெரியும்.”

“லீவு போட்டிருக்கு.”

“தெரியும்.”

“அன்னைக்கு மட்டும் மெதுவாப் பாடட்டுமா?”

“வேண்டாம்.”

“சருகு அசையாமப் பாடுறேன்க்கா. எனக்கு வரும்.”

“வேண்டாம்னா வேண்டாம்.”

கடுமையாகச் சொன்னேன். கடுமையாகச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். அவள் பாயை மூலையில் சாத்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹால் நிறைய ஆள். பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை உடுப்பு. முன்வரிசைக்கு மல்லிகைப் பூ. பின்வரிசைக்குப் பூ எட்டவில்லை. விருந்தாளிகள் பேசினார்கள். சங்கீதத்துக்கு மேல் கீழ் கிடையாது என்று ஒருவர் சொன்னார். நல்ல கைதட்டல்.

வேலம்மா கடைசியில், வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. உட்காரவில்லை. நல்ல புடவை, மஞ்சள் கலர். எண்ணெய் வைத்து வாரிய தலை. உள்ளே விடுவார்களா என்று கேட்டவர் உள்ளேதான் நின்றார், ஆனால் ஒரு கால் படியில் இருந்தது.

நான் மேடை ஓரத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை.

முதல் பாட்டு முடிந்தது. செக்ரட்டரி மாஷுக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். என் கை சும்மா இருந்தது. மூன்று குமிழை உள்ளே தள்ளி மூன்றை வெளியே இழுக்க வேண்டும். நாலு மூச்சு விடுகிற நேரம். அவ்வளவுதான் வேலை. ஐந்தரையில் பெட்டி பேச ஆரம்பித்தால் அந்தப் பதினேழு பேருக்கும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். தினமும் காலையில் குதித்த இடம். தானாகக் குதித்திருப்பார்கள். மாஷால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஒரு குமிழை உள்ளே தள்ளினேன். இரண்டாவதைத் தள்ளினேன். பின்வரிசையில் குமாரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதடு லேசாகத் திறந்தது.

மாஷ் பொன்னாடையைச் சரி செய்துகொண்டே, திரும்பாமல், மெதுவாகச் சொன்னார்.

“ஒன்னர.”

நான் இரண்டு குமிழையும் திரும்ப வெளியே இழுத்தேன்.

பயம். வேறு சொல் போட்டு எழுதலாம். பயம்தான். சுக்கு வரத்து திரும்ப ஆரம்பிக்க இன்னும் நாள் இருந்தது. அப்பா அப்போது படுக்கையில். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நொடியில் இதையெல்லாம் நான் யோசித்ததாக நினைவில்லை. ஒருவர் சொன்னார், கை கேட்டது. கேட்டுப் பழகின கை.

இரண்டாவது பாட்டு நன்றாக வந்தது. லேகா மேலே போய் நின்றாள். பின்வரிசை அழகாக வாயசைத்தது. குமாரிதான் எல்லோரையும்விட நன்றாக அசைத்தாள். ஒரு சொல் தப்பவில்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்தாள். சருகு வைத்திருந்தால் அசைந்திருக்காது.

முடிந்ததும் வேலம்மா நேராக என்னிடம் வந்தார். குமாரியின் கையைப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

“டீச்சரே, நல்லா இருந்துச்சு. எல்லாம் சேந்து ஒண்ணாக் கேட்டுதா, எனக்குப் பிரிக்கத் தெரியல. இதுல நம்ம பொண்ணு சத்தம் எது?”

பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். செக்ரட்டரி நின்றார்.

“ரெண்டாவது பாட்டுல,” என்றேன். “மேல போச்சே. அது.”

“அதா? நீளமா நின்னுச்சே, மணி அடிச்ச மாதிரி. அதா?”

“ஆமா.”

வேலம்மா குமாரியைப் பார்த்தார். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவள் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

குமாரி என்னைப் பார்த்தாள். அழவில்லை. முறைக்கவில்லை. சருகைப் பார்ப்பது போல என் வாயைப் பார்த்தாள்.

அடுத்த கோடையில் அவள் வரவில்லை. காலனியிலிருந்து நாலு பேர்தான் வந்தார்கள். பேனரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். நான் போனேன். அதற்கடுத்த கோடையும் போனேன். காலையில் ஐந்தரை, பதினொன்றுக்கு ஒன்றரை. சருகு வைத்துச் சொல்லித்தருவதை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு கல்யாணம் ஆகி நின்றுவிட்டேன். வேலையை வீசிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

வேலம்மாவைத் தெருவில் பார்ப்பேன். பார்க்கிற போதெல்லாம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதே பேச்சு.

“வீட்ல பாடச் சொன்னாப் பாட மாட்டேங்குறா டீச்சரே. உங்க ஹால்ல மட்டுந்தான் பாடுவாளாம் மகாராணி.” கூட வேலை பார்க்கிறவளிடம் என்னைக் காட்டுவார். “இவங்கதான். என் பொண்ணு மேல போய் நின்னுச்சுன்னு சொன்னேன்ல, இவங்கதான் கத்துக்குடுத்தது.”

நான் தலையாட்டுவேன். ஒரு தடவை சொன்ன பொய்யைப் பத்து வருடம் தலையாட்டிச் சொன்னேன்.

குமாரி எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். ஒரு ஓணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். உடைந்த பல்லைக் கட்டியிருந்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். புடவையை விரித்துக் காட்டினாள், விலை சொன்னாள், மடித்தாள். அதே குசுகுசு. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து, “குமாரி, இத்திரி உறக்கப் பறய்” என்றார். சத்தமாகப் பேசச் சொல்கிறார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அவர் மேல் என்ன தப்பு?

வேலம்மா பென்ஷன் வாங்கிக்கொண்டு மகனோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். போகும் முன் வீடு தேடி வந்து சொல்லிக்கொண்டார். “எம்மகள ஒரே ஒரு தடவ கேட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு டீச்சரே.” அவர் காதில் இருப்பது லேகாவின் சத்தம். நான் சாயா போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி நேரம். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஹால் இப்போது இல்லை. கரண்டில் ஓடுகிற சுருதிப் பெட்டி வந்தது. பிறகு பிள்ளைகள் வருவது குறைந்தது. பிறகு கட்டடம் கைமாறி ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. பாய் சாத்தி வைத்த மூலையில் ஏசி ஓடுகிறது. வெங்காய மண்டியும் போய்விட்டது. சருகு பறக்கிற தெரு இல்லை அது இப்போது. மாஷ் செத்து நாளாகிறது. பெரிய இரங்கல் கூட்டம் நடந்ததாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாதம் கொடுத்தவர் என்று பேசினார்களாம். நான் போகவில்லை.

கடையில் நின்றேன் அல்லவா. அந்த ஜோடி பெட்டியை வாங்காமல் போய்விட்டது. கடைக்காரர் போன் பேச உள்ளே போனார். நான் பட்டுத் துணியைத் தள்ளிவிட்டுத் துருத்தியைத் திறந்தேன்.

“சேச்சி, அது வர்க் ஆகாது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “சும்மா ஷோவுக்கு.”

ஒன்றரையை இழுத்தேன். கரகரவென்று இருமியது. ஒரு நாக்கு தேய்ந்தே போயிருக்கிறது. ஒன்று பேசவே இல்லை. எத்தனை வருட உழைப்பு.

மூன்றையும் உள்ளே தள்ளினேன். ஐந்தரையை இழுத்தேன். நாலு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

புதுசு மாதிரி இருந்தது. சுத்தமாக, நேராக வந்தது. கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

நான் ஹாலை விட்டுப் போன பிறகு ஐந்தரையை யாரும் இழுத்திருக்க மாட்டார்கள். கை வலிக்கிற வரை துருத்தியை அசைத்தேன். பாட ஆள் இல்லை.